ஆன்லைன் ஆக்கிவிட்டால் தப்பு நடக்காதா?

எதையும் ஆன்லைன் ஆக்கிவிட்டால் தப்புக்கும் ஊழலுக்கும் இடமில்லை என்ற நம்பிக்கை அமைச்சர் முதல் டீக்கடை வரை வேரூன்றிவிட்டது. கடலூர் மாவட்டத்தில் அந்த நம்பிக்கை ஒருமுறை பொய்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடைத்தரகருக்கு வேலையே இல்லை என்றார்கள். 2020-ல் வெளியானது வேறு கதை. வேளாண் துறை ஊழியர்களின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போய், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் லட்சக்கணக்கில் பயனாளிகள் ஆனார்கள். முறைகேடு 110 கோடி ரூபாய் அளவுக்கு என்றது மாநில அரசு. விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது.

இதில் கவனிக்க வேண்டியது, மென்பொருள் பழுதாகவில்லை என்பதுதான். கடவுச்சொல் சரியா என்று பார்த்தது; சரியாக இருந்தது. கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தது, நிரம்பியிருந்தன. ஒப்புதல் பொத்தானை அழுத்தியவர் அதிகாரிதானா, விண்ணப்பித்தவருக்குக் காணி நிலமாவது உண்டா என்று அது கேட்கவில்லை; கேட்கும்படி யாரும் எழுதவில்லை. நிரல் என்பது எழுதியவரின் அனுமானங்களை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் கருவி, அவ்வளவே. அனுமானம் தவறினால், ஒவ்வொன்றாகப் போலித் தாள் தயாரிக்கிறவன் திணறும் இடத்தில் அது கொத்துக்கொத்தாகத் தவறும்.

இதே நம்பிக்கை தகுதியுள்ளவரையும் தள்ளிவிடுகிறது. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், வங்கியில் பின்னால், பட்டாவில் தகப்பனார் பெயர் முழுதாக என்றிருந்தால் அவர் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கு மூன்று பேர். "சிஸ்டத்துல ஏறலைம்மா" என்ற ஒரு வாக்கியத்தோடு கதவு சாத்தப்படும். பிரிட்டனில் இந்த மனப்பான்மை சிறை வரை போனது. ஹொரைசான் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய, உண்மையில் இல்லாத பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை அஞ்சலகம் நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அத்தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

கடவுச்சொல்லைக் கொடுத்தது மனிதன், கணினியைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். வேலைப்பளுவில் திணறும் அலுவலகத்தில் கடவுச்சொல் கைமாறும் என்பது துறையில் எல்லோரும் அறிந்தது. அறிந்தும் ஒற்றைக் கடவுச்சொல்லில் கஜானாவைத் திறக்க விட்டது வடிவமைப்பின் குற்றம். தாள் காலத்தில் லஞ்சம் இதைவிட அதிகம் என்பார்கள். இருக்கலாம், தாளுக்குத் திரும்பச் சொல்லும் வாதம் அல்ல இது. கணினிப் பதிவு இருந்ததால்தானே மோசடி சிக்கியது என்பது வலுவான மறுப்பு. ஆனால் பதிவு தானாக எழுந்து புகார் கொடுக்கவில்லை. எண்ணிக்கை உயர்ந்த விதத்தைச் சந்தேகித்து, பட்டியலைக் கையில் எடுத்து ஆராய மனிதர்கள் வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு திட்டம் ஆன்லைனில் வந்துவிட்டது என்ற அறிவிப்பை நேர்மைக்கான சான்றிதழாக ஏற்கக் கூடாது. கேட்க வேண்டியவை வேறு: பதிவு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறு ஆட்களா? கடவுச்சொல்லோடு செல்பேசிக்கு வரும் எண்ணும் கட்டாயமா? ஒரே கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஒப்புதல்கள் குவிந்தால் நிரல் நிறுத்துமா? பட்டியலில் சிலரையாவது வயலுக்குப் போய்ப் பார்ப்பது யார்? திரை "இல்லை" என்று சொன்ன பிறகும் "உண்டு" என்று திருத்தும் அதிகாரம் எந்த அலுவலருக்கு, எத்தனை நாளுக்குள்? இவற்றுக்குப் பதில் எழுதாமல் நிரல் எழுதுகிறவர் வேலையை முடிக்கவில்லை. பதில் கேட்காமல் அதைத் தொடங்கிவைக்கும் அரசும் தன் வேலையைச் செய்யவில்லை.