குருதிக்குக் கட்சி உண்டோ?

2008ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள். மன்னார் மாவட்டம், மடுப் பகுதியிலுள்ள தட்சணாமருதமடுவிலே, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் வண்டி கிளைமோர்த் தாக்குதலுக்கு இரையாயிற்று. மாண்டவர் 15 பேருக்கும் மேல். அவருள் பத்துப் பேருக்கும் மேல் பள்ளிச் சிறார்! அரச படையின் செயலே என்றனர் புலிகள். இல்லவே இல்லை என்றது படைத்தலைமை. அறிக்கைகள் பறந்தன. குருதி சொட்டக் கிடந்த குழந்தைக்கு அறிக்கையா மருந்து?

கிளைமோர் என்பது நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை ஒரே திசையில் வீசும் கொலைக்கருவி. துளைபட்ட உடலிலிருந்து ஒழுகும் உதிரத்தை நிறுத்த நமக்குள்ள அவகாசம் நிமிடக் கணக்கே. கட்டுத்துணி வேண்டும், ஊர்தி வேண்டும், சத்திரசிகிச்சை வல்லுநர் வேண்டும். இவற்றிற்கெல்லாம் முன்னே, தடையற்ற பாதை வேண்டும். மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையோ தாம்போதிக்கு அப்பால் மன்னார்த் தீவிலே! இடையிலே போர்முனை. பிள்ளையின் உயிருக்கும் வைத்தியன் கைக்கும் நடுவே காவலரணையும் பதுங்குகுழியையும் வைத்தவர் யார்? இருதரப்பாரும் அல்லரோ?

விதி அறியாது செய்தனர் என்பதற்கில்லை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போருக்கென்றே எழுந்தது. காயமுற்றோரைத் திரட்டிப் பேணுக என்பது அதன் கட்டளை. எவன் பக்கத்துக் காயம் என்று அது கேட்கவில்லை. இலங்கை 1959இலேயே அதை ஏற்றது. ஏட்டிலே சட்டம், பாட்டையிலே கண்ணி!

போர் என்றால் இப்படித்தான் என்பார் சிலர். அவரைக் கேட்கிறோம்: அதே ஜனவரி 16இல் போர்நிறுத்த ஒப்பந்தம் முடிவுற்றது, கண்காணிப்புக் குழுவின் பணியும் முடிந்தது. அன்றே மொனராகலை மாவட்டத்துப் புத்தலவில் பஸ் பயணிகள் கொல்லப்பட்டனர். பெப்ரவரி 2இல் தம்புள்ளையில், யாத்திரை சென்ற பௌத்தர்கள் பஸ்ஸுக்குள்ளே மாண்டனர். அவையும் 'இப்படித்தான்' என்று தள்ளத்தக்கனவோ? சிங்களத் தாயின் கண்ணீர் வேறு, தமிழ்த் தாயின் கண்ணீர் வேறா? பஸ்ஸிலே வெடி வைத்தவன் எவனாயினும் அவன் குற்றவாளியே!

இன்று வடக்கிலும் 1990 என்று அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. 2018இல் வந்த இந்நன்மையை வரவேற்கிறோம். ஆனால் அம்புலன்ஸ் வண்டி உண்மையை ஏற்றி வருமா? தட்சணாமருதமடுப் பிள்ளைகளைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை.

நாடாள்வோரே! பக்கம் சாராத விசாரணையை நடத்துங்கள். அடிபட்டவனுக்கு முதலில் வழிவிட மறுப்பவன், எக்கொடியை ஏந்தினும், மக்கள் காவலன் ஆகான்!