தர்மத்துக்குக் கணக்கு கேட்டால் தப்பா?



தர்மம் பண்ணிவிட்டுக் கணக்கு கேட்டால் புண்ணியம் போய்விடும் என்று என் மாமியார் முதல் எதிர்வீட்டு அக்கா வரை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. காய்காரரிடம் இரண்டு ரூபாய் மீதிக்காக வாசலில் நின்று வாதாடுகிற நாம், குழந்தைகள் பேரைச் சொல்லி வாங்கும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம். என்ன நியாயம் இது?

எங்கள் கள்ளக்குறிச்சியில் இது வெறும் பேச்சு இல்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் வைப்புத்தொகை என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு, "கருணாபுரத்துப் பிள்ளைங்களை நாங்கதாம்மா வளர்க்கிறோம்" என்று ரசீது புத்தகத்தோடு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். "எத்தனை பிள்ளைங்க? குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு உங்ககிட்ட ஒப்படைச்சாங்களா?" என்று கேட்டேன். புத்தகத்தை மூடிக்கொண்டு போனவர் போனவர்தான்.

பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்களே, மறந்துவிட முடியுமா? 2021-ல் மதுரையில், கொரோனாவில் குழந்தை இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டியது அம்பலமாகி, குழந்தைகளை விற்றதாகக் காப்பக நிர்வாகியைக் கைது செய்தார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கும் யாரோ நல்ல மனசோடு பணம் கொடுத்திருப்பார்கள்தானே?

அதற்காக எல்லா இல்லமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கல்வராயன் மலையில் ஒரு சின்ன இல்லம். பெயர் வேண்டாம். எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து பணம் கொடுப்பதாக இருந்தோம். கொடுப்பதற்கு முன்னால் நேரில் பார்த்துவிடலாம் என்று கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைப் பக்கம் ஏறினோம். 22 பிள்ளைகள். பெரும்பாலும் மலையாளிக் குழந்தைகள் (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்களுக்கே அந்தப் பெயர்). அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். பிள்ளைகள் சுத்தமாக இருந்தார்கள், பயமில்லாமல் பேசினார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் எங்களைப் பார்த்துக் கைகூப்பி நன்றிப் பாட்டுப் பாட வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பசிக்கிற பிள்ளை சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு பாடணுமா?

கணக்கு நோட்டைக் கேட்டோம். தயங்காமல் கொண்டுவந்து கொடுத்தார் நிர்வாகி. அந்த மாதம் வாங்கிய அரிசி 25 கிலோ மூட்டை 12 என்று எழுதியிருந்தது. நமக்கு ஆடிட்டர் படிப்பு வேண்டாம், அடுப்படிக் கணக்கு போதும். பிள்ளைகளும் வேலை செய்பவர்களுமாக 25 பேர். தலைக்கு நாளைக்கு 400 கிராம் என்றால் 10 கிலோ. மாதம் 300 கிலோ, சரியாக 12 மூட்டை. அதுவும் பள்ளி நாளில் மத்தியானம் பிள்ளைகள் சத்துணவு சாப்பிடுகிறார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புக்குக் காலையிலும் அங்கேயே ஆகிறது. ஆக 12-க்குக் கீழேதான் வரணும். ஆனால் வாசலில் நன்கொடையாளர் பலகையில் அதே மாதம் 8 மூட்டை அரிசி தானமாக வந்ததாக எழுதியிருந்தது! நோட்டில் அந்த 8 மூட்டை இல்லவே இல்லை.

கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "அக்கா, மழைக் காலத்துல கூலி இல்லாத வீடுகளுக்குக் கொடுத்துட்டோம். எழுதி வைக்க ஆள் இல்லக்கா" என்றார். நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை ரசீது ஆகுமா? நாளைக்கு அவர் இடத்தில் இன்னொருவர் வந்து அந்த 8 மூட்டையை விற்றாலும் நோட்டு இதே மாதிரிதானே இருக்கும்? அறக்கட்டளையில் மூன்றே பேர்: அவர், மனைவி, மைத்துனர். தணிக்கை அறிக்கை இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

"நல்ல மனுஷனைப் போய் சந்தேகப்படறியே" என்று கூட வந்த ஒரு அக்கா என் காதைக் கடித்தார். எங்கள் குழுவிலே யாரும் யாரையும் திருடி என்று நினைப்பதில்லை. ஆனாலும் கூட்டம் முடியுமுன் சேமிப்பு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று சத்தமாகப் படித்துக் கையெழுத்து வாங்குகிறோமே! 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூடக் கணக்கு கேட்டுப் பழகிவிட்டார்கள். அதில் யாருக்கும் கௌரவம் குறையவில்லை.

காகிதங்களிலும் ஏமாறக் கூடாது. 80ஜி என்று எல்லாரும் சொல்கிற வரிவிலக்குச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது வருமான வரிக்கு மட்டும்தான். பிள்ளைகள் வயிறு நிறைகிறது என்பதற்கான சான்று இல்லை. அதோடு 2021-ல் எல்லா அறக்கட்டளைகளும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி மாறிவிட்டது; 2010-ல் வாங்கிய சான்றின் நகலைக் காட்டினால் செல்லாது. நாம் பார்க்க வேண்டியது வேறொரு காகிதம். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகளைத் தங்க வைக்கிற எந்த இல்லமும் பதிவு செய்தே ஆகணும். பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான். பதிவு இல்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ உண்டு. சந்தேகம் வந்தால் கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ஜிபேயில் அனுப்பும்போது யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அறக்கட்டளை பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

"நீங்க கொடுக்கிற நூறு ரூபாயும் குழந்தைங்களுக்கே" என்று நோட்டீஸ் போடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பயம். அப்படியென்றால் சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? மலைக்கு மூட்டை ஏற்றும் ஜீப் வாடகை? ராத்திரி காய்ச்சல் வந்த பிள்ளையைக் கீழே கொண்டுவர டீசல்? அந்த மலை இல்லத்தின் நோட்டில் வாடகையும் சம்பளமும் அதிகமாக இருந்தன. அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, நேர்மையாகவே எடுத்துக்கொண்டேன். நாம்தான் பிறந்தநாளுக்குக் கேசரி, தீபாவளிக்குத் துணி என்று போட்டோ எடுக்கிற தானமாகவே கொடுக்கிறோம். கணக்கு எழுதுகிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்று யாராவது முன்வருகிறோமா? கொடுக்காமல், கணக்கு இல்லையே என்று மட்டும் கேட்பது எப்படி?

இன்னொன்றும் கேட்டோம். மலையில் பழங்குடியினருக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வறுமையில் தவிக்கிற தகுதியுள்ள குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்தப் பிள்ளைகள் இங்கே? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காரணம் சொன்னார் நிர்வாகி. சிலது சரியாகப் பட்டது. இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் எனக்குத் திருப்தி இல்லை. பாட்டி நல்ல தெம்பாக ஊரிலேயே இருக்கிறாராம். அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை வாங்க விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

அந்த இல்லத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றுதான் ஆறு பேரும் முடிவு செய்தோம். நிறுத்தினால் காய்வது நிர்வாகி வயிறு இல்லை, 22 பிள்ளைகளின் வயிறு. ஆனால் மூன்று நிபந்தனை சொல்லியிருக்கிறோம். தானமாக வரும் அரிசி, துணி எல்லாம் நோட்டில் ஏறணும். மார்ச்சுக்குள் பாக்கித் தணிக்கை முடியணும். குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேரை, அதில் ஒருவர் மலைக் கிராமத்துப் பெண்ணாக, அறக்கட்டளையில் சேர்க்கணும். எங்கள் பணத்தில் பாதியை மாதம் இரண்டு நாள் வந்து கணக்கு எழுதப் போகும் பெண்ணுக்குச் சம்பளமாக ஒதுக்கிவிட்டோம். முதல் இரண்டுக்கும் அவர் உடனே தலையாட்டினார். மூன்றாவதுக்கு, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்க்கா" என்றார். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் ஊர் இல்லங்களில் இப்படிக் கணக்கு கேட்டுப் பார்த்த சகோதரிகள் இருந்தால், என்ன பதில் கிடைத்தது என்று இதே பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.