எடைக்கருவி சொல்லாத செய்தி



நோயுற்றவரைப் பார்க்கச் செல்கிறோம். "எடை குறையவில்லை" என்று வீட்டார் சொன்னால் நம் மனம் ஆறுதல் அடைகிறது. அந்த ஆறுதல் எப்போதும் சரியானதுதானா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

என் வாப்பா நோயில் படுத்திருந்தபோது அவர்களின் எடை குறையவேயில்லை. ஆயினும், தொழுகைக்கு எழுந்து நிற்க அவர்களால் இயலவில்லை. காலில் தேங்கிய நீரை நாங்கள் சதையென்று எண்ணியிருந்தோம்!

எலும்பு, தசை, கொழுப்பு, நீர் எல்லாம் சேர்ந்ததுதான் எடை. தசை கரையும்போது நீரோ கொழுப்போ கூடினால் எடைக்கருவி அதனைக் காட்டாது. 2008-ஆம் ஆண்டு வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், புற்றுநோய் கண்ட பருமனான 250 பேரின் சி.டி. ஸ்கேன் படங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 38 பேருக்குத் தசை மிகக் குறைந்திருந்தது. அத்தகையோர் உயிர்வாழ்ந்த காலமும் குறைவாகவே இருந்தது.

படத்தில் தசையை எவ்வாறு அளக்கிறார்கள்? இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளெலும்புக்கு நேரே, உடலைக் குறுக்காகக் காட்டும் ஒரு படமே போதுமானது. அதில் தசையும் கொழுப்பும் வெவ்வேறு சாயலில் தெரியும். தசையின் பரப்பைக் கணினி அளந்து தரும். அதனை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்கள். உடல் முழுவதன் தசை அளவையும் அந்த ஓரிடம் பெரும்பாலும் உணர்த்திவிடும்.

இதற்கென்றே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லாதீர்கள். அதில் கதிர்வீச்சு உண்டு. வேறு நோய்க்காக முன்னரே எடுத்த படம் இருப்பின், "இதில் தசையின் நிலை எப்படி?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். படம் இல்லையெனில், தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்க்கலாம். கெண்டைக்காலின் சுற்றளவை நாடாவால் அளப்பதும் ஓரளவு உதவும். ஆனால், கால் வீங்கியிருந்தால் அவ்வளவு ஏமாற்றிவிடும்.

தசை குறைந்தது தெரிந்தால் உணவை மாற்ற வேண்டும். நோயாளிக்குக் கஞ்சி மட்டுமே தருவது நம் வழக்கம். அதில் புரதம் மிகக் குறைவு. நோயுற்ற முதியோருக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பர் வல்லுநர்கள். முட்டை, மீன், பால், பருப்பு ஆகியவற்றில் அது கிடைக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைக் கூட்டலாகாது. மருத்துவர் அனுமதித்த அளவு நடப்பதும் அவசியம். அசையாத தசை விரைவில் தேயும்.

இனி நோயாளியைக் காணச் செல்லும்போது, "எடை எவ்வளவு?" என்பதோடு நிற்காதீர்கள். "தானாக எழுந்து நிற்க முடிகிறதா?" என்றும் கேளுங்கள்.