கதைப்புத்தகம் வீண்பொழுது அல்ல

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்களில் புத்தகம் என்றால் இரண்டே வகை என்ற நிலை உருவாகியுள்ளது. ஒன்று பிள்ளையின் பாடநூல். மற்றது கண்ணாடி அலுமாரியில் மரியாதையுடன் வைத்துப் பூட்டப்பட்ட திருக்குறள். கதைப்புத்தகம் பற்றிப் பேச்செடுத்தால், "அது வீண்பொழுது" என்ற விடை உடனே வருகிறது. அதிலும் துப்பறியும் கதை, கடற்பயணக் கதை என்றால் பெற்றோர் பலர் முகம் சுளிக்கின்றனர். இக்கருத்து எமக்கு உடன்பாடானதன்று. தமிழை அடுத்த தலைமுறையிடம் கையளிக்க விரும்புவோர், அறநூலுக்கு முன்பாகவே விறுவிறுப்பான கதையொன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

இதற்கான காரணம் எளிது. ஜேர்மனியில் வளரும் எமது பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு வாரத்திற்குச் சில மணி நேரம் மட்டுமே. ஏனைய நேரமெல்லாம் பாடசாலையிலும் விளையாட்டிடத்திலும் டொச் மொழியே அதன் வாயிலும் காதிலும் உள்ளது. இந்நிலையில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் புரட்டுவதற்குப் பரீட்சையைத் தவிர வேறு காரணம் அப்பிள்ளைக்கு வேண்டாமா? மனனம் செய்த பாட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்து போகிறது. "அடுத்து என்ன நடந்தது?" என்ற ஆவலோ அவ்வாறு அடங்குவதில்லை. அந்த ஆவல் பிறந்த பிள்ளை, விளங்காத சொல் வந்தாலும் அதைத் தாண்டிச் செல்லும். அல்லது தாயிடம் ஓடிவந்து பொருள் கேட்கும்.

சாகசக் கதை எமக்கு அந்நியமானதுமன்று. ஈழத்துத் தமிழ் நாவலின் பிறப்பே அதில்தான் நிகழ்ந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனக் கருதப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவருமான சித்திலெவ்வை. எகிப்தில் பிறந்த குழந்தையொன்று கடத்தப்பட்டு, இந்தியாவில் பிறர் கையில் வளர்ந்து, இடர்கள் பலவற்றைக் கடந்து, தன் பிறப்பின் மர்மத்தை அறிந்து பெற்றோரைச் சேரும் கதை அது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட இரட்டையரைப் பற்றியது. ஒருவன் காட்டிலே கரடியிடம் வளர்கிறான். மற்றவன் அரண்மனையில் வளர்கிறான். ஐரோப்பாவின் பழங்கதையொன்றைத் தழுவியது இந்நூல். அதே திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது.

முதலிரு கதைகளும் எதைப் பற்றியவை? பிறந்த மண்ணிலிருந்தோ, பெற்றோரிடமிருந்தோ பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை. "நான் யார், எவ்விடத்தவன்?" என்ற வினா அவற்றின் உயிர்நாடி. டோட்முண்டிலோ ஸ்ருட்கார்ட்டிலோ வளரும் எமது பிள்ளையும் அவ்வினாவையே ஒருநாள் கேட்கப் போகிறது.

தமிழகத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் எழுதிய 'இராஜாம்பாள்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் தோன்றும் கதைகள், தமிழ்வாணனின் சங்கர்லால் ஆகியன ஒரு காலத்துத் தமிழரை இரவிரவாக விழித்திருந்து வாசிக்க வைத்தவை. பழைய மர்ம நாவல்கள் சிலவற்றில் பெண்களையும் சாதியையும் பற்றி இன்று ஏற்கவியலாத கருத்துக்கள் உள்ளன. அவற்றை மறைக்காது பிள்ளைகளுடன் பேசுவதே தகும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினாவை அதன் வாசகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். அதில் ஈழத்துக்கு ஓடம் செலுத்தும் பூங்குழலியை எம்மவர் பிள்ளைகள் அறியாதிருப்பது குறையே.

நாம் வாழும் நாட்டின் கதைகளையும் ஒதுக்குதல் ஆகாது. எரிக் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' சிறுவர்களுக்கான துப்பறியும் கதை. பேர்லினுக்குத் தனியே புகையிரதத்தில் செல்லும் எமிலின் சட்டைப்பையிலிருந்து தாய் உழைத்துக் கொடுத்த 140 மார்க் களவு போகிறது. நகரத்துச் சிறுவர்கள் ஒன்றுகூடிக் கள்ளனைப் பிடிக்கின்றனர். பணத்தாளில் இருந்த ஊசித்துளை உண்மையை நிலைநாட்டுகிறது. 1933 மே 10இல் நாசிகள் பேர்லினில் நூல்களை எரித்தபோது கேஸ்ட்னரின் நூல்களும் தீயிலிடப்பட்டன. அக்கூட்டத்தில் நின்று அவரே அதனைப் பார்த்தார். பெருவிருப்பைப் பெற்றிருந்த 'எமில்' மட்டும் அன்று தப்பியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் தீக்கிரையாகக் கொடுத்தவர்கள் நாம். இவ்வரலாற்றின் பொருளை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு இரு நூல்களைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, பி. டிராவனின் 'டாஸ் டோட்டன்ஷிப்', அதாவது 'சாவுக் கப்பல்'. 1926இல் வெளிவந்தது. அன்ட்வேர்ப் துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்ட மாலுமி ஒருவனின் பத்திரங்கள் அக்கப்பலுடனேயே போய்விடுகின்றன. பத்திரமில்லாதவன் பிறந்ததையே எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு நாட்டுப் பொலிசார் அவனை இரவோடிரவாக அடுத்த நாட்டு எல்லைக்குள் தள்ளிவிடுகின்றனர். இரண்டாவது, மைன்ஸ் நகரில் பிறந்து, நாசிகளிடமிருந்து தப்பி 1941இல் மார்செய் துறைமுகத்தினூடாக வெளியேறிய அன்னா சேகர்ஸ் எழுதிய 'டிரான்சிட்'. ஒரு விசா கிடைக்கும்போது மற்ற விசா காலாவதியாகிறது. அதைப் புதுப்பிப்பதற்குள் கப்பல் போய்விடுகிறது. இறந்த எழுத்தாளன் ஒருவனின் பெயரில் ஒருவன் அங்கே காத்திருக்கிறான். அகதி அந்தஸ்துக் கோரிக் கடிதத்துக்காகக் காத்திருந்த எம்மவருக்கு இவ்விரு கதைகளும் புனைவாகத் தோன்றா. ஜேர்மனியருக்கும் அந்நிலை இருந்தது என்பதை எமது பிள்ளைகளும், அவர்களின் ஜேர்மனிய நண்பர்களும் அறிதல் நன்று.

"நேரமில்லை, நூலில்லை" என்பர் சிலர். முறைவேலை செய்து களைத்து வரும் பெற்றோரின் சிரமத்தை நாம் அறிவோம். எனினும் உறங்குமுன் 15 நிமிடம் வாசித்துக் காட்டுவது இயலாததன்று. பழைய நூல்களின் நடை கடினமாயின், தாமே வாசித்துக் கதையாகச் சொல்லலாம். ஜேர்மனிய நூல்களுக்கு நகர நூலகங்கள் உள்ளன. ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை, 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' திட்டம் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்துள்ளது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எமது கலைவிழாக்களிலும் பரிசளிப்பு விழாக்களிலும் வெற்றிக்கிண்ணங்களும் கேடயங்களும் குவிகின்றன. இவ்வாண்டு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நல்ல கதைநூலைப் பரிசாக வழங்குமாறு விழா அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கேடயம் அலுமாரியில் தூசு படியும். கதையோ வீட்டிலுள்ள அத்தனை பேரின் கைக்கும் மாறிச் செல்லும்.