மிச்சம் மீதி இருந்தால்தான் சின்னவனுக்கா?



மானாவாரியில் பருத்தி போடும் நமக்கும், அமெரிக்காவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து துப்பாக்கித் தோட்டா செய்துகொள்ளும் ஆட்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம்ம பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கிடக்கிற பஞ்சில் இருக்கிறது. முதலில் அவங்க பாட்டைப் பார்த்துவிடுவோம்.

அந்த நாட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், குறி பார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் என லட்சக்கணக்கான பேர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. பொறுக்கிக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்து அளந்து போட்டு, ஈயக்குண்டு பொருத்தி மறுபடி தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். கூடு பலமுறை தாங்கும். கேப்பு, மருந்து, குண்டு மூன்றையும் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகணும். கடைத் தோட்டாவைவிடச் செலவு குறையும் என்று பலரும், தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம் என்று சிலரும் இதில் இறங்குகிறார்கள். இவர்களில் பாதிப்பேர் பென்சன் வாங்கும் பெரிசுகளாக இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்பது அவர்கள் நாட்டு வழக்கு. நாம் பார்க்க வேண்டியது விலை ஏறின விதத்தை மட்டும்.

இந்தப் பழக்கம் பரவிய கதையே வேடிக்கையானது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தில் மருந்து மலையாக மிஞ்சிப்போனது. கான்சாஸ் மாநிலத்தில் ப்ரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதை மலிவாக வாங்கி, பவுண்டு கணக்கில் சில்லறையாக விற்றார். வீட்டில் தோட்டா செய்கிறவர்கள் பெருகினார்கள். அவர் பெயரில் உள்ள கம்பெனி இன்றும் நடக்கிறது. அது சொந்தமாக மருந்து காய்ச்சுவதில்லை. ஆலைகளிடம் வாங்கி டப்பாவில் அடைத்துத் தன் பெயரில் விற்கிறது. ஆக, ராணுவம் தின்ற மிச்சத்தில் வளர்ந்தது இந்தப் பொழுதுபோக்கு. மிச்சம் விழாத காலம் வந்தால் என்ன கதி?

2020இல் வந்தது. கொரோனா பயம், ஊருக்கு ஊர் கலவரம், தேர்தல் எல்லாம் சேர்ந்து ஜனங்கள் துப்பாக்கிக் கடையில் போய் விழுந்தார்கள். துப்பாக்கி வாங்கவும் உரிமம் எடுக்கவும் அரசு நடத்தும் பின்னணிச் சோதனை அந்த ஒரே வருஷத்தில் நாலு கோடியை நெருங்கியது. தோட்டா அலமாரி காலி. அதற்கு முன் ஆயிரம் கேப்பு 30, 35 டாலருக்குக் கிடைத்தது. 2021இல் தனியார் கைமாற்றில் நூறு டாலருக்கு மேலே கேட்டார்கள். அங்கே கேப்பு செய்கிற பெரிய பெயர்கள் நாலே நாலுதான்: சிசிஐ, பெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். 2020இல் ரெமிங்டன் திவாலானதும் அதன் தோட்டாத் தொழிலை விஸ்டா என்கிற கம்பெனி வாங்கியது. சிசிஐயும் பெடரலும் ஏற்கெனவே அதன் கையில். நாலில் மூன்று ஒரே முதலாளியிடம்! 2024 நவம்பரில் அந்த மூன்றும் மொத்தமாகச் செக் நாட்டுக் குழுமம் ஒன்றுக்குக் கைமாறிவிட்டன. இத்தாலியின் பியோக்கி தோட்டாக் கம்பெனியில் பெரும்பங்கை 2022லேயே பிடித்த குழுமம் அது.

கேப்பு செய்கிறவனே முழுத் தோட்டாவும் செய்து விற்கிறவன். கேப்பைச் சில்லறையாக விற்றால் சில காசு. அதையே தன் தோட்டாவில் வைத்து விற்றால் பல மடங்கு. சரக்கு குறைந்தால் அவன் எதற்கு முதலில் கொடுப்பான்? ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஒப்பந்தப்படி போகும், அடுத்து தன் சொந்தத் தோட்டாவுக்குப் போகும், அப்புறம் ஏதாவது மிஞ்சினால் திண்ணைக்காரனுக்கு. வரிசையில் கடைசி ஆள் அவன். கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு டப்பா என்று கட்டுப்பாடு போட்டார்கள். தபாலில் வரவழைத்தால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம். டிஏபி மூட்டைக்கு வரிசையில் நின்று, "கூடவே இந்த டப்பாவையும் வாங்கு" என்று தலையில் கட்டப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேப்பு ஓரளவு வந்துசேர்ந்த நேரத்தில் மருந்துக்கு முட்டுக்கட்டை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். வேட்டைத் தோட்டா ஒன்றுக்கு மூன்று கிராம் மருந்து போதும். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றை முழுத் தூரம் வீச பத்து கிலோவுக்கு மேல் வேணும். ஒரு குண்டுக்கு மூவாயிரம் தோட்டா மருந்து! போருக்கு முன் மாதம் 14,000 குண்டு செய்த அமெரிக்கா, மாதம் ஒரு லட்சம் என்று இலக்கு வைத்தது. ஐரோப்பாவும் அதே ஓட்டம். 2024 தொடக்கத்தில் விஸ்டா கம்பெனி, உலக அளவில் மருந்துத் தட்டுப்பாடு என்று காரணம் சொல்லி விலையை ஏற்றியது. 2024 செப்டம்பரில் சீனா ஆன்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஈயக்குண்டைக் கெட்டியாக்குவதற்கும் கேப்புக்கும் வேண்டிய உலோகம் அது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். இந்த மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். நார்ப்பொருளை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்துச் செய்வது. மரக்கூழிலும் செய்யலாம்தான். ஆனால் நெடுங்காலமாக நம்பிச் செய்வது பருத்தியில். நாம் உடுத்தும் நீளப் பஞ்சில் அல்ல. ஜின்னிங் மில்லில் பஞ்சு எடுத்த பிறகும் கொட்டைமேல் ஒட்டியிருக்குமே, அந்தக் குட்டைப் பஞ்சில். லிண்டர் என்பார்கள். அந்தக் காலத்தில் விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் விழ வேண்டும் என்று சாணிப்பாலில் புரட்டி விதைத்தோமே, அப்போது நமக்குத் தொல்லையாக இருந்த பஞ்சு அது. அந்தத் தொல்லைக்குத்தான் இன்று வல்லரசுகள் அலைகின்றன. தங்கள் ஆலைக்கு வேண்டிய லிண்டரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது என்று ஐரோப்பாவின் அதிகாரிகளும் ஆயுத முதலாளிகளும் 2024இல் வாய்விட்டே சொன்னார்கள்.

அந்த நைட்ரிக் அமிலமாவது தூரத்துச் சொந்தமா? அதுவும் அம்மோனியாவில் பிறந்தது, யூரியாவும் அம்மோனியாவில் பிறந்தது. அம்மோனியா இயற்கை எரிவாயுவில். 2022இல் எரிவாயு விலை எகிறி ஐரோப்பாவில் அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தபோது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. வெளியூர்க் கதை என்று தள்ளவும் முடியாது. நம்ம நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்து ஆலை நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வேலையைத்தான் செய்கிறது.

நூறு கிலோ பருத்தியில் பஞ்சு 33, 35 கிலோ. மீதி பெரும்பாலும் கொட்டை. நூறு கிலோ கொட்டையைச் சரியாக வெட்டினால் ஐந்து முதல் எட்டு கிலோ வரை லிண்டர் தேறும். ஆனால் நம்ம நாட்டில் பெரும்பகுதிக் கொட்டை லிண்டர் எடுக்காமலேயே ஆட்டப்பட்டுப் புண்ணாக்கோடு மாட்டு வயிற்றுக்குப் போகிறது. எடுக்கிற இடத்தில் அதற்கு என்ன விலை என்பது சம்சாரி காதுக்கு வருவதே இல்லை. நமக்குக் கிடைப்பது பருத்திக்கு ஒரே விலை. பஞ்சு இறங்கினால் பஞ்சைக் காட்டி இறக்குகிறார்கள்; கொட்டை ஏறினால் வாயே திறப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்து, டிசம்பர் 31 வரை நீட்டியபோது மட்டும் உலகச் சந்தை நம்ம களத்து வாசலுக்கு ஓடி வந்ததே, லிண்டர் விலை ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் மருந்து வாங்குகிறவன் விலை ஏறிப்போச்சு என்று புலம்புகிறான். அந்த மருந்துக்குக் கொட்டை விளைவிக்கிற வர்க்கம் விலை கிடைக்கலை என்று புலம்புகிறது. நடுவில் ஏறின பணம் ஆவியாகவா போச்சு?

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பஞ்சு விலை, கொட்டை விலை இரண்டையும் தனித்தனியாகப் பலகையில் எழுத வேண்டும். எண்ணெய் ஆலைகளில் லிண்டர் வெட்டும் இயந்திரம் போட விவசாயிகள் கூட்டுறவுக்குக் கடன் தர வேண்டும். மாசிப் பறிப்புக்கு முன் சங்கம் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறது. அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள்: சாக்கு வண்டியேறும் முன், கொட்டை யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்று வியாபாரியிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஊர், தேதியோடு எழுதி உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.