ஏரியைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஊர்க்காரனுக்கு இடம் எங்கே?

ஊட்டி ஏரியின் 200 வருடக் கணக்கு: ஓர் அலசல்

ஊட்டி—

சீசன் வந்தால் ஊட்டி படகு இல்லத்தில் டிக்கெட் வாங்க நீண்ட கியூ. மிதி படகு, துடுப்பு படகு, மோட்டார் படகு என்று தண்ணீரில் இடம் இல்லாத கூட்டம். வெளியே குதிரை சவாரி, வர்க்கி கடை, சுடச்சுட மக்காச்சோளம், தொப்பி, ஸ்வெட்டர்.

அதே ஏரியின் மறுபக்கம் காந்தள். வேலைக்குப் போகிறவர்களும் கூலிக்காரர்களும் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதி. அங்கே உள்ள பையன்களுக்குப் பந்து உதைக்க ஒரு பெரிய மைதானம் வேண்டும் என்றால் எங்கே போவது?

ஒரே ஏரி. ஒரு கரையில் திருவிழா, மறு கரையில் திண்டாட்டம்!

இந்த முரண்பாடு ஒரே நாளில் வந்தது அல்ல. இதற்குப் பின்னால் 200 வருடக் கதை இருக்கிறது.

வெட்டியவர் சல்லிவன்

ஊட்டி ஏரி இயற்கையாக உண்டானது இல்லை. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்ற வெள்ளைக்காரர் 1824-ம் ஆண்டு வாக்கில் ஓடைகளைத் தடுத்துக் கரை போட்டு உருவாக்கியது. மீன் பிடிக்கவும், அக்கரைக்குப் போக ஓடம் விடவும் அந்தக் காலத்தில் பயன்பட்டது. கரை உடைந்து மூன்று முறை ஏரி காலியானதாகவும் வரலாறு உண்டு.

அப்போது இங்கே நகரம் கிடையாது. தோடர்களின் மந்துகள்தான் இருந்தன. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. கோடப்பமந்து, மார்லிமந்து என்று இன்றும் ஊர்ப்பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1848-ல் தாவரவியல் பூங்கா வந்தது. 1866-ல் நகரசபை. 1908-ல் மலை ரெயில் ஊட்டி வரை ஏறி வந்தது. ஊர் பெருக்கப் பெருக்க ஏரி சுருங்கியது.

இன்று பஸ் நிலையம் இருக்கும் இடம், குதிரைப் பந்தய மைதானம் இருக்கும் இடம், ஏரிப் பூங்கா இருக்கும் இடம், எல்லாமே ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற பூமி! இப்போது ஏரியாக மிஞ்சி நிற்பது சுமார் 65 ஏக்கர்தான்.

தண்ணீர் மறக்காது

இது பழங்கதை என்று நினைத்தால் தப்பு. பலத்த மழை பெய்தால் பஸ் நிலையத்துக்கும் ரெயில் நிலையத்துக்கும் பக்கத்தில் உள்ள ரெயில்வே பாலத்தின் அடியில் வெள்ளம் தேங்குவது ஊட்டிக்காரர்களுக்குப் புதிது அல்ல. பஸ் திணறும். கார் நின்றுபோகும். நடந்து போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

காரணம் ரொம்ப சிம்பிள். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். பள்ளத்தில் இருந்தது ஏரி. ஏரியின் ஒரு பகுதியை மூடி ரோடு போட்டாச்சு. ஆனால் மேட்டில் இருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த விஷயம் தெரியாது. அது பழைய வழியிலேதான் வரும்.

முன்பெல்லாம் மேட்டில் புல்வெளியும் சோலையும் இருந்தன. மழை கொஞ்சம் கொஞ்சமாக ஊறி இறங்கும். இப்போது அங்கே வீடு, லாட்ஜ், சிமெண்டு தளம். பெய்த மழை அத்தனையும் நிமிஷத்தில் கீழே வந்து சேருகிறது. கூடவே மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. அந்த மண் ஏரியில் படிந்து ஆழம் குறைகிறது.

கோடப்பமந்து கால்வாய்

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் முக்கியமான வாய்க்கால் கோடப்பமந்து கால்வாய். நகரின் நடுவே ஓடி வருவது. பெயருக்குத்தான் கால்வாய். வருவது மழைத்தண்ணீர் மட்டும் அல்ல. சாக்கடையும் சேர்ந்துதான் வருகிறது. பாதாள சாக்கடை உண்டு. காந்தளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. ஆனாலும் மழைக்காலத்தில் ஆள்நுழைவுக் குழிகள் பொங்கி வழிந்தால் கழிவு கால்வாயில் இறங்கி நேராக ஏரிக்குப் போகிறது.

சாக்கடைச் சத்து சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்கு கொண்டாட்டம். அது படர்ந்தால் வெயில் தண்ணீருக்குள் இறங்காது. அடியில் அழுகல். மேலே நாற்றம்.

சுத்தம் செய்யாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஊட்டி ஏரியும் சேர்க்கப்பட்டது. ஆகாயத்தாமரையை அள்ளினார்கள். தூர் வாரும் வேலையும் அவ்வப்போது நடந்தது. ஆனால் குழாயை மூடாமல் தரையைத் துடைத்தால் ஈரம் போகுமா? சாக்கடை வந்துகொண்டே இருக்கும்வரை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது ஊட்டியோடு நிற்கிற சங்கதியும் அல்ல. ஏரியில் இருந்து வெளியேறும் தண்ணீர் சாண்டிநல்லா வழியாக காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அங்கிருந்து மின்சாரத் திட்டங்களைக் கடந்து, மாயாறு வழியாகப் பவானிசாகர் பக்கம் இறங்குகிறது. மலையில் கொட்டுவது சமவெளிக்காரன் வாசலுக்கும் வரும்!

ஜனம் குறைந்தது, நெரிசல் கூடியது!

ஊட்டி வளருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. 2001 கணக்கெடுப்பில் ஊட்டி நகரசபை எல்லைக்குள் 93,987 பேர். 2011-ல் 88,430 பேர். நீலகிரி மாவட்டமே 7,62,141-ல் இருந்து 7,35,394 ஆகக் குறைந்தது.

அப்படியானால் வளருவது எது? கட்டிடமும் வாகனமும்தான். பிழைப்பு தேடிக் கோவை, திருப்பூர் என்று உள்ளூர் இளைஞர்கள் இறங்குகிறார்கள். வார விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் ஏறுகிறார்கள்.

இதில் நகரசபைக்குத்தான் தலைவலி. குழாய், சாக்கடை, குப்பை லாரி எல்லாம் குடியிருக்கிற 88 ஆயிரம் பேர் கணக்கு. ஆனால் மே மாதம் ஊருக்குள் நிற்கிற தலைகளோ வேறு கணக்கு.

ஐகோர்ட்டு போட்ட கணக்கு

இந்த நெரிசல் கடைசியில் கோர்ட்டுப் படியேறியது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராய சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மும் ஈடுபடுத்தப்பட்டன.

அடுத்த வருடம் ஐகோர்ட்டு இன்னும் இறுக்கியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6 ஆயிரம், வார இறுதியில் 8 ஆயிரம் வாகனங்கள்தான் என்று உச்சவரம்பு வந்தது. அரசு பஸ்சுக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு.

ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்தால்கூட 8 ஆயிரம் வண்டியில் 32 ஆயிரம் பேர். அது மாவட்டம் முழுவதுக்குமான கணக்குதான். ஆனாலும் வருகிறவர்களில் ஊட்டி பார்க்காமல் போகிறவர் எத்தனை பேர்? 32 ஆயிரம் என்பது ஊட்டி நகர ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! உச்சவரம்பு போட்ட பிறகே இந்த நிலை என்றால், போடாதபோது எப்படி இருந்திருக்கும்?

வியாபாரிகள் கொதித்தார்கள். 2025 ஏப்ரலில் கடையடைப்பும் நடந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வருஷம் பூராவும் கட்டுகிற வாடகை, வட்டி, பள்ளிக்கூட பீஸ் எல்லாவற்றையும் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில்தான் சம்பாதித்தாக வேண்டும். லாட்ஜ் காலியானால் ரூம் பையனுக்கும் சம்பளம் இல்லை, டாக்சிக்காரருக்கும் சவாரி இல்லை.

ஆனால் ரோட்டில் வண்டி மூன்று மணி நேரம் நின்றால் அந்த டூரிஸ்ட் கடைக்கு வந்து என்ன வாங்குவார்? அடுத்த வருஷம் வருவாரா? சீசனில் குன்னூர் வழியே ஏறு, கோத்தகிரி வழியே இறங்கு என்று ஒருவழிப் பாதை போட்டும் நெரிசல் தீரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிக்கும் அதே ரோடுதான் என்பதை மறக்கக் கூடாது.

52 ஏக்கர் யாருக்கு?

ஊட்டியின் நட்டநடுவில், பஸ் நிலையத்தை ஒட்டி, சமதளமாகக் கிடக்கும் பெரிய இடம் குதிரைப் பந்தய மைதானம். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகையில் இருந்தது. குத்தகைக் காலம் 1978-லேயே முடிந்துவிட்டது, 822 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி 2024 ஜூன் மாதம் அரசு 52 ஏக்கரைக் கையகப்படுத்தியது. சுற்றுச்சூழல் பூங்கா அமைக்க அந்த இடம் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. விவகாரம் கோர்ட்டுக்கும் போனது.

இந்த 52 ஏக்கர் என்பது சும்மா இல்லை. மிஞ்சி நிற்கும் ஏரியில் ஐந்தில் நான்கு பங்கு அளவு! மலை நகரத்தில் இவ்வளவு சமதளம் இனிமேல் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆளுக்கு ஒரு ஆசை இருப்பது சகஜம். வாகனம் நிறுத்த விடு என்பது ஒரு கட்சி. இன்னொரு பூங்கா வைத்து டிக்கெட் போடு என்பது ஒரு கட்சி. பழையபடி குதிரை ஓடினால் நாலு பேருக்கு வேலை என்பது இன்னொரு கட்சி.

ஆனால் இரண்டு பேர் ஆசையைக் கேட்பார் இல்லை. ஒருவர், உள்ளூர்ப் பிள்ளைகள். நகரத்துக்குள் பெரிய விளையாட்டு இடம் என்றால் எச்.ஏ.டி.பி. மைதானம் போன்ற ஒன்றிரண்டுதான். சீசன் வந்தால் காலி இடம் எல்லாம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். மற்றவர், தண்ணீர். அது தாழ்வான பழைய ஏரிப் பூமி. மழைத்தண்ணீரை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ரெயில்வே பாலத்தடி வெள்ளமும் குறையும், ஏரிக்குப் போகும் மண்ணும் குறையும். சிமெண்டு கொட்டினால் இரண்டும் நடக்காது.

மலை கொடுத்த எச்சரிக்கை

2009 நவம்பரில் நீலகிரியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் பலி. ரோடும் ரெயில் பாதையும் துண்டிப்பு. 2024 ஜூலையில் அண்டை மாவட்டமான வயநாட்டில் நடந்த கொடுமையையும் உலகம் பார்த்தது.

நீலகிரியில் கட்டிடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏன்? செங்குத்தான சரிவில் பாரம் ஏறினால் மண் தாங்காது என்பதால்தான். விதியை மீறிக் கட்டுகிறவர் லாபம் பார்க்கிறார். சரிவின் கீழே குடியிருப்பவர் விலை கொடுக்கிறார்.

என்ன செய்யலாம்?

ஊட்டி சாதிக்கத் தெரியாத ஊர் இல்லை. சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோது 2000-ம் ஆண்டு வாக்கிலேயே பிளாஸ்டிக் ஒழிப்பில் இறங்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாவட்டம் இது. 2019-ல் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை போட்டு, காசு போட்டால் தண்ணீர் வரும் மிஷின்களை வைத்தார்கள். முதலில் முணுமுணுத்த கடைக்காரர்களே பிறகு ஒத்துழைத்தார்கள்.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோ மீட்டர் ரோடு. காலையில் ஏழையும் நடக்கலாம், பணக்காரனும் நடக்கலாம். டிக்கெட் கிடையாது. இலங்கையில் நுவரெலியா ஊரிலும் 1873-ல் கவர்னர் கிரிகரி உண்டாக்கிய ஏரி இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் தாயகம் திரும்பி, நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஏரிக்கரை ஊரின் அருமையும் கஷ்டமும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஊட்டி ஏரியைச் சுற்றியும் ரோடு இருக்கிறது. அதில் நிம்மதியாக நடக்க நடைபாதையும் விளக்கும் வேண்டும். படகு டிக்கெட்டில் வரும் வருமானத்தில் ஒரு பங்கு கோடப்பமந்து கால்வாய்க்கு என்று ஒதுக்கினால் ஏரி பிழைக்கும். ஏரி பிழைத்தால்தான் படகும் ஓடும். பந்தய மைதானத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கு, ஒரு பகுதி உள்ளூர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். மிச்சத்தில் பூங்கா வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

டூரிஸ்ட் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். டிசம்பர் உறைபனியிலும், நவம்பர் மழையிலும், தண்ணீர் வராத ஏப்ரலிலும் இங்கேயே கிடப்பவர் ஊர்க்காரர்.

1973-ல் இந்த ஏரியைச் சுற்றுலாத் துறை எடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. படகுக் கணக்கு ஒழுங்காகத்தான் எழுதப்படுகிறது. சாக்கடைக் கணக்கும், மைதானக் கணக்கும் எப்போது எழுதப்படும்?

காந்தள் பையன்கள் பந்தோடு காத்திருக்கிறார்கள்!