திரும்பி வந்த 86-ஐத் திறக்கப்போவது யார்?

டொயோட்டா ஜிஆர்86 பற்றிய விவாதம் நம் பட்டறைகளில் இன்னும் ஓயவில்லை. 2022-ல் ஏறக்குறைய 3 லட்சம் வெள்ளி விலையில் அது மலேசியாவுக்கு வந்தது முதல், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் வட்டாரத்து மெக்கானிக் நண்பர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் அதில்தான் வந்து நிற்கிறார்கள். வாங்கும் வசதி உள்ளவர் மிகச் சிலர். ஆனாலும் கருத்துச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. கேஇ70 கொரோலாவைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர்களுக்கு 86 பங்காளி வீட்டுப் பிள்ளை.

இந்த உறவுக்குக் காரணம் இருக்கிறது. மசில் கார் என்றால் அமெரிக்கர்களுக்கு வி8. நமக்கு அது கட்டுப்படியாகாது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 3,000 சிசியைத் தாண்டினால் சாலை வரி 2,130 வெள்ளியில் தொடங்கி, கூடும் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென் ஏறும். 5.0 லிட்டர் மஸ்டாங்குக்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். கேஇ70-இன் 1,290 சிசி 4கே இன்ஜினுக்கோ 70 வெள்ளிதான். அதை இறக்கிவிட்டு 1,587 சிசி 4ஏ-ஜிஇ ஏற்றினாலும் 90 வெள்ளியோடு முடிந்துவிடும். எடை குறைந்த, பின்சக்கரம் தள்ளும் பழைய கொரோலா. ஜப்பானிய ஹாஃப்-கட்டில் வந்த இரட்டை கேம் இன்ஜின். ஜொகூர்ப் பிள்ளைகளின் மசில் கார் இப்படித்தான் உருவானது. அசல் 86 ஆன ஏஇ86-இன் முன் ஸ்ட்ரட் கேஇ70-க்கு ஏறும். பின்னால் இரண்டுக்கும் நான்கு லிங்க், காயில் ஸ்பிரிங், லைவ் ஆக்ஸில். அந்த 86-ஐக் கண்ணால் கண்டிராதவர்கூட அதன் உடம்பை அறிந்திருப்பது இதனால்தான்.

புதிய வண்டி மீது முதலில் விழும் குறை எடை. 1983-ல் வந்த ஏஇ86 ஏறத்தாழ 940 கிலோ, 130 குதிரைத்திறன். ஜிஆர்86 1,270 கிலோவை ஒட்டி நிற்கிறது. இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. ஏர்பேக்கும் மோதல் பாதுகாப்பும் இல்லாத காரை இன்று யாரும் விற்க முடியாது. அவற்றோடு இந்த எடைக்குள் நிறுத்தியதே பெரிய வேலை. சுபாருவோடு சேர்ந்து 2012-ல் கொண்டுவந்த முதல் மறுபிறவியில் 4,000 சுற்றை ஒட்டி இழுவை தொய்ந்துபோகும். ஓட்டியவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். ஜிஆர்86-இன் 2,387 சிசி இன்ஜின் 3,700 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் கொடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. கையால் மாற்றும் கியரும் டார்சன் டிஃபரென்ஷியலும் நீடிக்கின்றன. ஓட்டுகிறவருக்குச் செய்யவேண்டியதை டொயோட்டா செய்திருக்கிறது.

ஒலி விஷயத்தில் மட்டும் குறை சொல்பவர்கள் பக்கமே நான். இன்ஜின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கேட்க வைப்பது 86 என்ற பெயருக்குப் பொருந்தவில்லை. மின்சார டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா இன்னும் ஒரு படி மேலே போய், வி8 இல்லாத காருக்கு வி8 உறுமலைச் செயற்கையாக உண்டாக்கித் தந்திருக்கிறது.

நம் துறையினர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பானட்டைத் திறந்தால் என்ன தெரிகிறது? ஏஇ86-இன் 4ஏ-ஜிஇயில் நான்கு பிளக்கும் இரு கேம் கவர்களுக்கு நடுவே மேலே நிற்கும். இரவு எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கழற்றலாம். கம்பெனி நிலையில் உள்ள 16 வால்வு இன்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. வால்வு இடைவெளியை ஷிம் மாற்றிச் சரிசெய்யலாம். புதிய வண்டியில் படுத்த பாக்ஸர் இன்ஜின். பிளக் இரு பக்கச் சட்டங்களை ஒட்டிப் பதுங்கியிருக்கும். இன்ஜெக்டரும் இரண்டு வரிசை. 2012-ல் வந்த 86-இன் தொடக்கக் கால வண்டிகளை 2018-ல் வால்வு ஸ்பிரிங்குக்காகத் திரும்ப அழைத்தபோது, அந்தச் சின்ன ஸ்பிரிங்கை மாற்ற இன்ஜினையே இறக்கவேண்டியிருந்தது. ஜிஆர்86-இன் ஆயில் பிக்-அப் வலையில் சீலண்ட் துணுக்குகள் சிக்கியிருப்பதை அமெரிக்க உரிமையாளர்கள் பலர் படம் எடுத்துக் காட்டினார்கள். ஆயில் பேனைத் திறக்கவும் மறுபடி சீலண்ட் அளவாகப் பூசி மூடவும் தெரிந்த கை வேண்டும் என்பதையே அந்தப் படங்கள் எனக்குச் சொல்கின்றன. சீலண்ட் அதிகமாகப் பூசும் பழக்கம் நம் பட்டறைகளிலும் உண்டு.

ஒரு பழைய வண்டி உயிர்த்தெழுந்தது என்று நான் சொல்வது அதன் உதிரிப்பாகம் திரும்பக் கிடைக்கும்போதுதான். அந்தக் கணக்கில், 86 என்ற பெயருக்கு டொயோட்டா செய்த ஆகப்பெரிய மரியாதை ஜிஆர் ஹெரிட்டேஜ் பார்ட்ஸ் திட்டம். ஏஇ86-க்கு ஸ்டியரிங் நக்கிள் ஆர்மையும் பின் பிரேக் காலிப்பரையும் மீண்டும் தயாரிப்பதாக 2021-ல் அறிவித்தார்கள். 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் ஹைட்ரஜனில் ஓடும் ஏஇ86 ஒன்றும், மின்மோட்டார் பொருத்தி கிளட்ச்சையும் கியரையும் விடாமல் வைத்துக்கொண்ட ஏஇ86 ஒன்றும் காட்டினார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகும் காலத்திலும் பழைய உடம்பைச் சாலையில் வைத்திருக்க முடியும் என்று ஒரு கார் கம்பெனியே முயன்று பார்த்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. புதிய கார் விற்பதைவிட இது கடினமான வேலை, லாபமும் குறைவு.

கேஇ70-க்கு அப்படி ஒரு திட்டம் வரும் என்று காத்திருக்க முடியாது. ஹாஃப்-கட் கடைகளில் 4ஏ-ஜிஇ அருகிவருகிறது. கிடைக்கும் நல்ல பாடிகளும் துருவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்ஜின் மாற்றிய வண்டியின் தாளைச் சரியாக வைத்திருப்பதும் மீட்பு வேலைதான்: ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் இல்லாத வண்டியை அடுத்த தலைமுறை ஓட்டவே முடியாது. அதைவிட அவசரமானது அளவுகள். மவுண்ட் எவ்வளவு நகர்த்தினோம், புரொபெல்லர் ஷாஃப்ட் எவ்வளவு வெட்டினோம், எந்தக் காரின் ரேடியேட்டர் பொருந்தியது என்ற விவரமெல்லாம் மூத்த மெக்கானிக்குகளின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து கேஇ70-இல் 4ஏ-ஜிஇ ஏற்றிய அளவுகளைத் தொடராக வெளியிடப்போகிறோம். வண்டியின் ஆண்டு, இன்ஜின் வகை, பயன்படுத்திய கியர்பாக்ஸ், ஷாஃப்ட் நீளம் மில்லிமீட்டரில், மவுண்ட்டின் கைவரைபடம் ஆகியவற்றை அனுப்புங்கள். ஆயில் கறை படிந்த தாளானாலும் பரவாயில்லை.